பியூலா வரைந்த நிழல்

உப்புக்கு வெயில்தான் தாய்ப்பால், உப்பு வாருகிறவளுக்கு அதே வெயில்தான் எமன், இந்த இரண்டுக்கும் நடுவிலே பிறந்து வளர்ந்த சனம் நாங்கள். மற்ற ஊர்க்காரர்கள் மழை கேட்டுப் பொங்கலிட்டால், நாங்கள் மாதாவுக்கும் சுடலைக்கும் சேர்த்து மெழுகுவத்தியும் சூடமும் கொளுத்தி, இன்னும் கொஞ்ச நாளைக்கு மேகத்தை அந்தப் பக்கமாகவே நிறுத்திவை என்று கும்பிடுவோம், ஏனென்றால் ஒரு மழை பெய்தால் போதும், பாத்தியில் விளைந்தது அத்தனையும் கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும். அப்படி வெயிலைக் கேட்டு வாங்குகிற ஊரில் நிழலைக் கேட்க யாருக்கு வாய் வரும்? நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது.

எங்கள் காலனிக்கும் உப்புப் பாத்திகளுக்கும் நடுவில் ஒரு பொட்டல் உண்டு. அந்த மண்ணில் வேம்பு வைத்தால் கருகும், புங்கை வைத்தால் கருகும், கன்றைச் சுற்றிக் கட்டின கம்பிக்கூண்டு மட்டும் துருவேறி நிற்கும். விடிகருக்கலில் பாத்தியில் இறங்குகிற சனம் உச்சிக்கு முன்னால் கரையேறி, வெயில் தணிகிறவரை எங்கேயாவது தலையைச் சாய்த்தாக வேண்டும். வீடுகளோ தகரக் கூரை, உள்ளே இருந்தால் இட்லி மாதிரி அவிந்துபோகும். அதனால் உப்பு ஏற்ற வந்து நிற்கிற லாரிக்கு அடியில்தான் படுப்போம். புறப்படுகிற நேரம் டிரைவர் ஹாரன் அடித்து, எல்லாரும் உருண்டு வெளியே வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், வண்டியும் உப்போடு சேர்த்துத் தன் நிழலையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அந்தப் பொட்டலில் ஒரு பங்குனி மாதத்துக் காலையில் நிழல் விழுந்து கிடந்தது.

முதலில் கண்டது இசக்கியம்மாளின் ஆடுகள். இசக்கியம்மாள் காலனி முக்கில் டீக்கடை வைத்திருக்கிறவள், சிறுசு பெருசு எல்லாருக்கும் சித்தி, வாயைத் திறந்தால் வசவும் டீயும் சேர்ந்தே வரும். ஆட்டைத் தேடிக் கம்போடு போனவள், அவை பொட்டலின் நடுவில் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்தாள், கம்பை ஓங்கினாள், ஓங்கின கை குளிர்ந்தது, கம்பைக் கீழே போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய கட்டடத்தின் நிழல் அது. நீளவாக்கில் ஒரு கூரை, அதைத் தாங்குகிற தூண்கள், ஒரு பக்கத்தில் இடைவெளி விட்டு விட்டுச் செங்கல் அடுக்கின சுவர், அந்த ஓட்டைகள் வழியாகத் தரையில் சின்னச் சின்ன வெயில் கட்டங்கள், நடுவில் மட்டும் கூரை இல்லாமல் வட்டமாக ஒரு வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தால் வானம்தான். கூரையும் இல்லை, தூணும் இல்லை. உப்புக் கம்பெனியில் எடை போட்டு ஓய்ந்த செல்லத்துரை அண்ணாச்சி துரட்டிக் கம்பைக் கொண்டுவந்து மேலே விட்டுத் துழாவிப் பார்த்தார். "ஒண்ணும் தட்டல" என்றார், கம்பை ஓரமாகச் சாய்த்தார், அது சாயாமல் கீழே விழுந்தது, அதைப் பொருட்படுத்தாமல் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டோம், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் சும்மா கிடந்தால் பின்னாலேயே ஒருத்தர் வந்து அதிலிருந்து எழுந்திரு என்று சொல்லுவார். அன்றைக்கு யாரும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பிறகு நாங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு நிழலுக்குள் ஏறினோம், தூணின் நிழலை மிதிக்காமல் சுற்றிப் போனோம், சுவர் இருக்கிற பக்கம் பெண்கள் என்றும் கடல் பக்கம் ஆண்கள் என்றும் ஆனது. மாடன் கோயில் பூசாரி ஒரு தூணின் நிழலுக்கு விபூதி போட்டார், உபதேசியார் அடுத்த தூணுக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணினார். தடுப்பூசி போட வந்த நர்சம்மா ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பெட்டியை நிழலில் வைத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அதற்குள் ஒரு பெண்ணின் நிழலும் நின்றது. தொப்பி போட்டவள், தோளில் பை, ஒரு காலை எடுத்து வைத்தபடிக்கு நடக்காமலே நின்றாள். யார் என்று தெரியாவிட்டாலும் பெண்பிள்ளை நிற்கும்போது நாம் உட்காருவது எப்படி என்று முதல் நாள் கொஞ்சம் சங்கடப்பட்டோம். இசக்கியம்மாள் அவள் முன்னால் ஒரு கிளாஸ் டீ வைத்தாள். ஆறிப்போன பிறகு அதை எடுத்து ஆட்டுக்கு ஊற்றினாள், மறுநாளும் வைத்தாள்.

சனிக்கிழமை பியூலா வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பியூலா எங்கள் காலனிப் பெண், தங்கபுஷ்பத்தின் ஒரே மகள், தகப்பன் இல்லாத பிள்ளை, மதுரையில் கட்டடம் வரைகிற படிப்பில் கடைசி வருஷம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் பொட்டலைப் பார்த்ததும் நின்றாள், நிழலின் ஓரத்தோடே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், சுவரின் நிழலில் குனிந்து ஓட்டைகளைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் போய், இது நான் வரைந்தது என்று மெல்லச் சொன்னாள். காலேஜில் கடைசி வருஷத்துக்கு ஒவ்வொருத்தரும் ஒரு கட்டடம் வரைந்து காட்ட வேண்டுமாம், சனம் கூடுகிற பொதுவிடமாக இருக்க வேண்டுமாம், மண்ணையும் காற்றையும் கெடுக்காமல், மின்சாரம் தின்னாமல், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் உதவுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் பெரிய பட்டணங்களில் ஏரிக்கரையும் பூங்காவும் பிடித்துக்கொண்டபோது இவள் எங்கள் பொட்டலைப் பிடித்திருக்கிறாள்.

அதற்குக் காரணம் தங்கபுஷ்பத்தின் கண். உப்பளத்து வெயில் மேலே இருந்து ஒரு தரம் அடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழே இருந்து இன்னொரு தரம் அடிக்கும். தங்கபுஷ்பத்துக்கு ஒரு கண் ஏற்கெனவே பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. உச்சி நேரத்தில் நிழலில் கண்ணை மூடிக் கிடந்தால் மற்றது தங்கும், இல்லாவிட்டால் அதுவும் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்து சாப்பிட வழி கிடையாது. ஆகவே மகள் ஒரு கூடம் வரைந்தாள், ஊரோடு சேர்ந்து அம்மாவும் அதில் கண்ணை மூடட்டும் என்று.

"உன் நிழல்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் தங்கபுஷ்பம். "உன்னைய மாரியே லேசா ஒரு பக்கம் கோணிக்கிட்டுல்லா நிக்கி."

விஷயம் பரவினதும் ஆளாளுக்கு வந்தார்கள். ஒருத்தருக்குக் கால் வெளியே கிடந்தது, கூரையை ஒரு முழம் நீட்டச் சொன்னார். பெண்களுக்குச் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. பியூலா ராத்திரி கம்ப்யூட்டரை மடியில் வைத்து மாற்றினாள், மறுநாள் காலையில் நிழலும் மாறிக் கிடந்தது. தொப்பிக்காரியைப் பற்றிக் கேட்டதற்கு, கட்டடம் எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காகப் படத்தில் யாராவது ஒரு ஆளை ஒட்டுவோம், அதெல்லாம் வெளிநாட்டுப் படம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அவளை எடுத்துவிட்டாள். எங்களுக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொல்லாமல் அனுப்பிவிட்டாயே, ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருப்பாளே என்று இசக்கியம்மாள் அன்றைக்கு முழுக்க முனகினாள்.

இதற்குள் இன்னொன்றையும் கவனித்தோம். நிழல் நகரவில்லை. காலையில் எங்கே கிடந்ததோ அங்கேயே மதியமும் கிடந்தது, மாலையிலும் கிடந்தது. சூரியன் இந்த மூலையில் ஏறி அந்த மூலையில் இறங்கினான், லாரியின் நிழலும் ஆட்டின் நிழலும் எங்கள் நிழலும் அவன் சொன்னபடிக்குச் சுருங்கி நீண்டன, பியூலாவின் நிழல் மட்டும் அவனைச் சட்டை செய்யவில்லை. அது எங்களுக்குப் பெரிய சௌகரியமாகப் போயிற்று. நகராத நிழலில் இடம் பிடிக்கலாம் அல்லவா. முதலில் துண்டு போட்டோம், பிறகு கல் வைத்தோம், பிறகு கல்லில் பெயர் எழுதினோம். செல்லத்துரை அண்ணாச்சிக்குத் தூணோரம், இசக்கியம்மாளுக்குச் சுவரோரம், வடக்கே இருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வெளியே. ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்குப் பைக்கும் பெண்ணுக்கு நிழலில் வட்டத்தோரத்து இடமும் என்று பேசி முடித்ததை நாங்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாத சம்பந்தம் என்றுதான் சொன்னோம்.

காலேஜில் பியூலாவின் படத்தைப் பார்த்த வாத்தியார் கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இந்தச் சூரியன் எந்த ஊர்லம்மா உதிக்குது?" என்றார்.

அங்கேதான் பிள்ளை தவறியிருந்தாள். தாளில் நிழல் போடும்போது வெளிச்சம் இடது கை மேல்மூலையில் இருந்து வருகிறதாக வைத்துக்கொண்டு, வலது பக்கம் கீழே சாய்வாக நிழல் தீட்டு என்று முதல் வருஷத்தில் கை பழகுவதற்காகச் சொல்லிக்கொடுப்பார்களாம். படம் எடுப்பாகத் தெரிவதற்கு உண்டான வழக்கம் அது. அந்தக் கைப்பழக்கத்திலேயே இவள் கடைசி வருஷத்துப் படத்துக்கும் நிழல் போட்டுவிட்டாள். தாளில் மேலே வடக்கு. அப்படியானால் எங்கள் ஊர்ச் சூரியன் வடமேற்கு மூலையில் ஆணியடித்த மாதிரி நாள் முழுக்க நிற்கிறான். வெயிலுக்கு ஒதுங்கத்தானே இந்தக் கூடம், வெயில் வருகிற திசையே தப்பாக இருந்தால் எப்படி என்று கேட்டார் கோமதிநாயகம். காலை, மதியம், மாலை மூன்றுக்கும் நிழலைச் சரியாகப் போட்டுக் கொண்டுவா, இல்லாவிட்டால் இந்த வருஷம் தேற மாட்டாய் என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஊரில் நிழல் விழுந்து கிடப்பதைப் பியூலா அவரிடம் சொல்லவில்லை. நம்ப மாட்டார் என்று பயந்து அல்ல, நம்பி, டேப்பும் கையுமாக அடுத்த பஸ்ஸில் அளக்க வந்துவிடுவார் என்றுதான்.

அவள் ஊருக்கு வந்து எங்களிடம்தான் சொன்னாள். நிழலுக்குள்ளேயே கூட்டம் போட்டோம். திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்டோம். எல்லா நிழலையும் போல ஆகும், காலையில் மேற்கே காலனிப் பக்கம் நீளும், மதியம் கூரைக்கு நேர் கீழே சுருங்கும், மாலையில் கடலைப் பார்க்கப் போகும் என்றாள்.

"அப்போ என் இடம்?" என்றார் செல்லத்துரை அண்ணாச்சி.

"இடம் அங்கனதான் இருக்கும் பெரியப்பா. நிழல் இருக்காது."

"ஓடுத நிழலுக்கு லாரி போதாதா? உன்னைய எதுக்குப் படிக்க வச்சோம்?"

படிக்க வைத்தது உப்பு வாரின தங்கபுஷ்பம்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் அதை யாரும் திருத்தவில்லை. ஒரு வருஷம்தானே, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னோம், முறுக்கு சுட்டுத் தருகிறோம் என்று சொன்னோம், உன் கல்யாணத்துக்கு ஊரே வேலை செய்யும் என்று சொன்னோம், கன்னத்தைப் பிடித்தோம். தங்கபுஷ்பமும் எங்களோடு சேர்ந்துதான் சொன்னாள்: ஊர் நிழலைக் கெடுத்தாள் என்கிற பேர் நமக்கு வேண்டாம் மக்கா. பியூலா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். ஒரு வருஷப் படிப்பை எங்கள் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்றைக்கு ரோட்டில் ஏதோ மறியல், பஸ் வரவில்லை. உச்சி நேரத்தில் திரும்பி நடந்து வந்தாள். நிழல் நிறைய சனம், அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் அவரவர், குறட்டை சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அதற்குள் அம்மாவைத் தேடினாள். இல்லை. பாத்திப் பக்கம் பார்த்தாள். குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்கு ஓரமாக, சுற்றிலும் கண்ணாடி உடைத்துப் பரப்பின மாதிரி வெயில் தெறிக்கிற இடத்தில், முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இங்கன இருக்க?"

தங்கபுஷ்பம் துண்டை எடுக்காமலே மகள் குரலுக்குத் திரும்பினாள். "நீ போவலியா?"

"ஏன் இங்கன இருக்கன்னு கேக்கேன்."

"நம்ம பாத்திதானட்டி கடைசி. நான் கரையேறி வரதுக்குள்ள எல்லாரும் படுத்துருவாவ."

சனி ஞாயிறில் மகள் வந்தால் எல்லாரும் நகர்ந்து தங்கபுஷ்பத்துக்கு இடம் விடுவோம், மற்ற நாளில் அவளும் கேட்க மாட்டாள், நாங்களும் கண்ணை மூடியிருப்போம்.

"அது என் நிழலும்மா."

"அதனாலதான் கேக்கல. நான் போயி நவுருங்கன்னு சொன்னா, மக வரஞ்ச திமிருன்னுல்லா சொல்லுவாவ."

பியூலா அம்மாவுக்குப் பக்கத்தில் உப்பின் மேலேயே உட்கார்ந்து பையில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெயிலில் அதன் முகம் தெரியவில்லை. ஏதோ படிப்பு வேலை என்று நினைத்துத் தங்கபுஷ்பம் தன் முந்தானையை விரித்து மகள் தலைக்கும் அந்தப் பெட்டிக்கும் சேர்த்துக் கூடாரம் போலப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சேலை இருட்டுக்குள் பியூலா எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டாள், மாதத்தையும் நேரத்தையும் போட்டாள், வடமேற்கில் ஆணியடித்து நின்ற சூரியனைப் பிடுங்கி அவன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைத்தாள்.

பொட்டலில் நிழல் எழுந்தது. தூங்குகிற பிள்ளை புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாகத்தான் எழுந்தது, எங்கள் மேலேயே இழுத்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளிச் சுருண்டு படுத்தது. செல்லத்துரை அண்ணாச்சி வெயிலில் கிடந்தார். அவர் கல்லும் பெயரும் வெயிலில் கிடந்தன. யார் செய்த வேலை என்று எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. சாயங்காலம் அவள் பஸ் ஏறினபோது ஒருத்தரும் போய்வா என்று சொல்லவில்லை. இசக்கியம்மாள் கடைக்கு முன்னால் வந்து நின்றவளிடம், வாக்கு மாறினவளுக்கு இங்கே டீ கிடையாது என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். அவளைத் தூக்கி வளர்த்ததில் பாதி அந்த இசக்கியம்மாள்தான்.

அதன் பிறகு நாங்கள் நிழலுக்குப் பின்னால் நடக்கிற சனம் ஆனோம். பல் விளக்குகிற நேரம் அது முதல் வரிசை வீடுகளின் வாசலில் கிடக்கும், அடுப்பு வேலை செய்கிற பெண்கள் அதில் உட்கார்ந்து மீன் அரிவார்கள், சோறு பொங்குவதற்குள் அது எழுந்து பொட்டலுக்குப் போய்விடும், அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். மதியம் அது ஒரு கூரையளவுக்குச் சுருங்கினால் முழங்காலோடு முழங்கால் இடிக்க அத்தனை பேரும் அடைவோம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் தூங்கி விழுவார்கள், வடக்கத்திப் பையன்களின் ரொட்டி எங்கள் கருவாட்டுக் குழம்பில் விழும், தூங்கினவர்கள் வெயில் சுட்டு விழித்து, திட்டிக்கொண்டே பாயை இழுப்பார்கள். கல்லைக் கையோடு தூக்கிக்கொண்டு அலைந்த ஒருத்தர் இடுப்புப் பிடித்து அதைப் போட்டுவிட்டார். இன்னொன்றும் நடந்தது. உச்சி சாய்ந்ததும் நிழல் கடல் பக்கமாக நகரும், முதலில் வந்து மேற்கே படுத்தவர்களைத்தான் முதலில் விட்டுப்போகும், கடைசியில் வந்து கிழக்கு ஓரத்தில் ஒடுங்கினவளுக்கு நெடுநேரம் இருக்கும். கடைசியில் வருகிறவள் தங்கபுஷ்பம்.

பியூலா காலை மதியம் மாலைப் படங்களை வாத்தியாரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். மதியம் நிழல் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, சனம் நெருக்கியடிக்குமே என்று கேட்டார். நெருக்கட்டும் சார் என்றாள். அவர் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தேறின செய்தியைச் சொல்ல அவள் ஊருக்கு வந்தது வேலை நாள், மாலை வெயில் சாய்ந்து முகத்தில் அடிக்கிற நேரம். பாதிப் பேர் பாத்திக்கு இறங்கிவிட்டோம். நிழல் கடல் பக்கம் வெகுதூரம் போயிருந்தது. அது விட்டுப்போன வெறும் தரையில் ஒரு பாயில் தங்கபுஷ்பம் தூங்கிக்கொண்டிருந்தாள், வருஷக்கணக்கில் தூங்காததை எல்லாம் சேர்த்துத் தூங்குகிற மாதிரி, வாய் லேசாகத் திறந்து, முகத்தில் துண்டு இல்லாமல். அவளுக்கு மேற்கே, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இசக்கியம்மாள் நின்றாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தாள், அது பொங்கி வழிகிற வாசனை இங்கே வரைக்கும் வந்தது, அவள் அசையவில்லை. அவள் நிழல் தங்கபுஷ்பத்தின் இரண்டு கண்ணின் மேலும் விழுந்து கிடந்தது.

பியூலா வாயைத் திறந்தாள். இசக்கியம்மாள் கண்ணாலேயே அடக்கினாள்.

"சத்தம் போடாத. இப்பதான் நல்லா அசந்திருக்கா."

தங்கபுஷ்பம் தூக்கத்தில் புரண்டாள், முகம் வெயிலுக்கு வந்தது, இசக்கியம்மாள் ஒரு அடி நகர்ந்தாள், முகம் மறைந்தது, தோள் வெளியே வந்தது.

"பாத்துக்கிட்டே நிக்கியே, வாக்கு மாறுன கழுத" என்றாள் இசக்கியம்மாள், குரலைத் தாழ்த்தி. "பைய வச்சுட்டு வந்து பக்கத்துல நில்லு. நான் ஒருத்தி எம்புட்டுன்னு மறைக்க?"

பியூலா பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து, சித்தியின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.